அம்மாவின் விட்டமின் டி குளிசையும் கல்சியம் பரிசோதனைக்கு அலைந்த அலைச்சலும்

டொக்டர் எழுதியது விட்டமின் டி 50,000 யூனிட், கிழமைக்கு ஒன்று. பாமசியில் தந்த கடுதாசி உறையில் இருந்ததோ 'காலை 1' மட்டும். களுவாஞ்சிகுடியில் தனியே இருக்கும் அம்மா அதை நம்பித் தினமும் போட்டிருக்கிறார். முடிந்ததும் வெறும் அட்டையைக் காட்ட, சிட்டை கேட்காமலே திரும்பத் திரும்பக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

சாப்பாடு பிடிக்கவில்லை, ஓங்காளம், மலச்சிக்கல், தாகம், இரவெல்லாம் சிறுநீர். சீனி வருத்தக்காரி என்பதால் சீனி கூடிவிட்டது என்றே எல்லோரும் சொன்னார்கள். குத்திப் பார்த்தால் அப்படி ஏற்றம் இல்லை. அப்புறம்தான் மருந்துப் பையைக் கொட்டிப் பார்த்தோம்.

டொக்டரின் கண்காணிப்பு இல்லாமல் பெரியவர்கள் விட்டமின் டியில் நாளுக்கு 4,000 யூனிட்டைத் தாண்டக்கூடாது. வெளிநாட்டுப் போத்தல்களில் மைக்ரோகிராம் என்று போட்டிருந்தால் 40ஆல் பெருக்குங்கள், யூனிட் வந்துவிடும். விட்டமின் சி கூடினால் பெரும்பகுதி சிறுநீரோடு போய்விடும். டி அப்படியில்லை, கொழுப்பில் தங்கிவிடும். அளவு மீறினால் இரத்தத்தில் கல்சியம் ஏறி சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

இரத்தப் பரிசோதனைக்கு டொக்டர் துண்டு எழுதித் தந்தார். அம்மாவை பஸ்ஸில் ஏற்றி மட்டக்களப்பு டவுனில் உள்ள லாப்புக்குக் கொண்டுபோனால், துண்டில் விட்டமின் டி மட்டும்தான் இருக்கிறதாம். கல்சியத்தையும் சேர்த்துப் பாருங்கள், காசு கட்டுகிறேன் என்று கெஞ்சினேன். "தம்பி, துண்டுல இல்லாததை எடுக்க ஏலா." டொக்டருக்கு ஒரு கோல் எடுத்துத் தாருங்கள் என்றதற்கு லாப்பில் இருந்த பிள்ளை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. விட்டமின் டி இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்புவார்களாம், முடிவு வர நாள் எடுக்குமாம். அவசரமாகத் தெரிய வேண்டியது கல்சியம், அதைப் பார்க்காமலே அந்த வெயிலில் அம்மாவைத் திருப்பிக் கூட்டிவந்தேன். ஆகவே துண்டு கைக்கு வந்ததும் அங்கேயே வாசியுங்கள். கல்சியமும், சிறுநீரகம் எப்படி என்று காட்டும் கிரியேட்டினினும் இல்லாவிட்டால் கேட்டு எழுதுவியுங்கள்.

மறுபடி போனபோது அன்று பின்னேரமே முடிவு வந்தது. கல்சியம் கூடித்தான் இருந்தது. விட்டமின் டியையும் கல்சியம் குளிசையையும் நிறுத்தி, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார் டொக்டர்.

வீட்டில் இருக்கும் மருந்து, சத்து மா எல்லாவற்றையும் டொக்டர் கொண்டுவரச் சொன்னதுதான் பெரிய உதவி. லண்டனிலிருந்து தங்கச்சி அனுப்பிய மெல்லும் விட்டமினிலும் டி இருந்தது, கூடவே சீனியும். சாப்பாடு இறங்காததால் சத்து என்று அம்மா குடித்த மாப்பானத்திலும் சீனி. உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன அளவு, சேர்த்த சீனி, தேன், பழச்சாறு எல்லாம் சேர்த்து ஒரு நாள் சக்தியில் 10 சதவீதத்துக்குக் குறைவு, அதாவது ஏறத்தாழ 50 கிராம். 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது. நம் நாட்டில் சோடாப் போத்தல்களில் உள்ள நிற வட்டத்தையும் பாருங்கள்: 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு. டின்னில் வரும் மாவென்றால் பின்பக்கத்துச் சிறிய எழுத்தையும் வாசிக்க வேண்டும்.

அடுத்த பரிசோதனையில் கல்சியம் இறங்கிவிட்டது. ஓங்காளம் நின்று, அம்மா பசிக்கிறது என்று கேட்டுச் சாப்பிடுகிறார். கொழுப்பில் தங்கியது மெதுவாகத்தான் குறையும் என்பதால் இன்னும் சில மாதம் இரத்தம் பார்க்க வேண்டும். அதற்கான துண்டில் இம்முறை எல்லாம் எழுதியிருக்கிறது.