பேரேடு போட்டுப் படித்த உளவு நாவல்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பழம்பொருள் கடையில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். பழைய வீடுகளிலிருந்து வரும் தூண், நிலைக்கதவு, பீங்கான் ஜாடி, எனாமல் தூக்கு எல்லாவற்றையும் துடைத்து, எண் போட்டு, பதிவு செய்வது என் பொறுப்பு. போன வருடம் ஒரு தேக்குப் பெட்டிக்குள் பினாங்குக் கணக்குப் பேரேடு ஒன்று கிடந்தது. 1941 கார்த்திகை வரை வரவும் பற்றும் ஒழுங்காக எழுதியிருந்தார்கள். அதற்குப் பிறகு வெற்றுத் தாள். ஜப்பான் விமானங்கள் பினாங்கில் குண்டு போட்டது 1941 டிசம்பர் 11. அந்தத் தாள்களில் எழுதாமல் போனது என்னவாக இருக்கும் என்று நினைத்து நினைத்துத்தான் ஒரு உளவு நாவல் எழுத வேண்டும் என்ற ஆசை வந்தது.

ஒரே வாரத்தில் முப்பது பக்கம் எழுதிவிட்டேன். துறைமுகம், துப்பாக்கி, இருட்டில் துரத்தல். கடைக்கு எதிர்வீட்டு ஆச்சியிடம் வாசித்துக் காட்டினேன். ஆச்சிக்கு எண்பது தாண்டிவிட்டது. தமிழ்வாணனின் துப்பறியும் சங்கர்லால் கதைகளை வாரம் தவறாமல் படித்து வளர்ந்தவர். தமிழ்வாணன் பிறந்தது தேவகோட்டையில்தான் என்பதில் அவருக்குச் சொந்த ஊர்ப் பெருமையும் உண்டு. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஓடுறான், ஓடுறான்... எதுக்கு ஓடுறான்னு எனக்குத் தெரியலையே தம்பி" என்றார்.

அன்றோடு எழுதுவதை நிறுத்தினேன். முதலில் படிப்போம், ஒவ்வொரு புத்தகத்தையும் இரண்டு முறை படிப்போம், இரண்டாவது முறை கையில் பேனாவோடு படிப்போம் என்று முடிவு செய்தேன். எட்டு மாதம் ஆகிறது. என்னைப் போல எழுதிப் பார்க்க நினைக்கிறவர்களுக்கு உதவும் என்று, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆடி

முதலில் எடுத்தது ருட்யார்ட் கிப்ளிங்கின் 'கிம்'. 1901இல் வந்தது. உளவு நாவல்களின் மூதாதை என்று அதைச் சொல்லலாம். சிம்லாவில் லர்கன் என்பவரின் கடையில் கிம்முக்குப் பயிற்சி நடக்கிறது. அது பழைய பொருள்கள் விற்கும் கடை! ஒரு தட்டில் ரத்தினக் கற்களைப் பரப்பிக் கொஞ்ச நேரம் காட்டிவிட்டு மூடிவிடுவார்கள். என்னென்ன இருந்தது என்று பையன் சொல்ல வேண்டும். நானும் கடையில் ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் பதினைந்து பொருள்களை வைத்து, ஒரு நிமிடம் பார்த்து, துண்டால் மூடிவிட்டு எழுதினேன். முதல் நாள் ஒன்பது வந்தது. இருபது நாளில் பதினான்கு. எண்ணிக்கையைவிட முக்கியமான மாற்றம் வேறு. 'பழைய பூட்டு' என்று எழுதிக்கொண்டிருந்த நான், 'சாவித் துளைக்கு மேல் கீறல் விழுந்த பூட்டு' என்று எழுத ஆரம்பித்தேன். யாரோ இருட்டில் அவசரமாகத் திறந்திருக்கிறார்கள். அந்தக் கீறலே ஒரு காட்சிக்குப் போதும்.

அடுத்தது சோமர்செட் மாம் 1928இல் வெளியிட்ட 'ஆஷெண்டன்'. மாம் முதல் உலகப் போரில் உண்மையிலேயே பிரிட்டிஷ் உளவுத் துறைக்கு வேலை பார்த்தவர். அதனால் அவருடைய உளவாளி அறிக்கை எழுதுகிறான், சந்தைக்காரியிடம் காகிதம் வாங்குகிறான், ரயிலுக்குக் காத்திருக்கிறான். மொட்டைத் தலை மெக்சிகோக்காரனைப் பற்றிய பகுதியை மட்டும் நான்கு முறை படித்தேன். கடைசியில் ஒரு தந்தியை உட்கார்ந்து பிரித்துப் படிக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த இடத்தில் எனக்கு வயிறு கலங்கியது.

ஆவணி, புரட்டாசி

ஃபிரெடரிக் ஃபோர்சைத்தின் 'தி டே ஆஃப் தி ஜாக்கல்' எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. இந்த எட்டு மாதத்தில் மிக அதிகமாகக் கற்றுக்கொண்டதும் இதில்தான்.

பிரெஞ்சு அதிபர் டி கால்லைக் கொல்ல ஒரு வாடகைக் கொலையாளியை அமர்த்துகிறார்கள். நாவல் வந்தது 1971. டி கால் 1970 நவம்பரில் தன் வீட்டில் இயற்கையாக இறந்துவிட்டார். அதாவது, கொலை நடக்காது என்று முதல் பக்கத்திலேயே வாசகருக்குத் தெரியும். தெரிந்தும் கை பக்கத்தைப் புரட்டிக்கொண்டே இருக்கிறது. எப்படி? இதைக் கண்டுபிடிக்காமல் அடுத்த புத்தகத்தைத் தொடக்கூடாது என்று உட்கார்ந்தேன்.

அப்போதுதான் பேரேடு ஞாபகம் வந்தது. செக்காலை ரோட்டில் ஒரு நீளக் கணக்கு நோட்டு வாங்கினேன். மூன்று பத்தி பிரித்தேன்: வாசகர், கொலையாளி, துப்பறியும் லெபெல். ஒவ்வொரு அத்தியாயத்திலும் யாருக்கு எந்தச் செய்தி கிடைக்கிறதோ அதை அவர் பத்தியில் வரவு வைத்தேன். ஒருவருக்குத் தெரிந்து மற்றவருக்குத் தெரியாதது பாக்கி. இப்படி எழுதிப் பார்த்தபோது புத்தகமே வேறு மாதிரித் தெரிந்தது. லெபெல் கதைக்குள் வருவதே இரண்டாம் பாகத்தில்தான். அதுவரை போலி பாஸ்போர்ட், பிரத்யேகத் துப்பாக்கி, இடம் பார்ப்பது என்று எல்லாம் வாசகர் கணக்கில் ஏறிக்கொண்டே போகிறது. லெபெல் வெறுங்கையோடு வருகிறார். இந்தப் பெரிய பாக்கியை அவர் எப்படி அடைக்கப் போகிறார் என்பதுதான் நம்மை இழுக்கிறது. நடுவில் இன்னொன்றும் நடக்கிறது. அரசு உயர்மட்டக் கூட்டத்தில் பேசுவது ஒரு பெண் வழியாகக் கொலையாளிக்குப் போய்ச் சேர்கிறது. இது வாசகருக்குத் தெரியும், லெபெலுக்குத் தெரியாது. அந்த அத்தியாயங்களில் லெபெல் வாயைத் திறக்கும்போதெல்லாம் 'சொல்லாதே' என்று கத்தத் தோன்றுகிறது.

என் முப்பது பக்கத்தையும் இதே மாதிரி பேரேடு போட்டேன். வாசகர் பத்தி காலி. ஆச்சி சொன்னது இதைத்தான்.

நான் வாங்கியிருந்தது பழைய புத்தகக் கடைப் பிரதி. கடைசிச் சில தாள்கள் உதிர்ந்து போயிருந்தன. விற்றவர் சொல்லவில்லை. அன்று கோபம் வந்தது. இன்னொரு பிரதி கிடைக்க மூன்று வாரம் ஆகும் என்று தெரிந்ததும், முடிவை நானே எழுதிப் பார்த்தேன். எட்டு பக்கம். லெபெல் படிக்கட்டில் ஓடுகிறார், கதவை உடைக்கிறார், ஒரு கணம் முந்திச் சுடுகிறார். பிறகு அசல் முடிவைப் படித்தேன். அங்கேயும் ஓட்டம் உண்டு. ஆனால் முதல் குண்டு தவறுவதற்குக் காரணம், பிரெஞ்சுக்காரர்களுக்கு இயல்பான, இங்கிலீஷ்காரருக்குப் பழக்கமில்லாத ஒரு சின்ன வழக்கம். என்ன வழக்கம் என்று இங்கே சொல்லமாட்டேன், நீங்களே படியுங்கள். எல்லாவற்றையும் திட்டமிட்டவனுக்கு அந்த ஊர் மனிதர்களின் கை கால் பழக்கம் தெரியவில்லை. அன்று இரவு நோட்டில் ஒரே வரி எழுதினேன்: 'நம் ஊரில் அப்படி ஒன்று என்ன?'

ஐப்பசி

விடாத மழை. கடையில் ஆள் வரவில்லை. ஜான் லெ கார்ரே படிக்க நல்ல காலம் அது.

'தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் தி கோல்ட்' 1963இல் வந்தது. பெர்லின் சுவர் எழுந்து இரண்டே வருடம். முதல் அத்தியாயத்தில் சோதனைச் சாவடியில் லீமஸ் என்ற பிரிட்டிஷ் உளவாளி ஒரு ஆளுக்காகக் காத்திருக்கிறார். காபி கொடுக்கிறார்கள், நேரம் போகிறது. துரத்தல் இல்லை. ஆனால் வருகிறவன் வந்து சேர வேண்டுமே என்று நாமும் அந்தக் குளிரில் நிற்கிறோம். சின்னப் புத்தகம். உளவு எழுத நினைக்கிறவர் ஒரே ஒன்றுதான் படிக்க முடியும் என்றால் இதைத்தான் கையில் கொடுப்பேன்.

1974இல் வந்த 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை' கடினம். முதல் நூறு பக்கம் யார் யார் என்றே பிடிபடவில்லை, பேரேட்டில் ஐந்து பத்தி போட வேண்டி வந்தது. ஓய்வு பெற்ற உளவு அதிகாரி ஸ்மைலி பழைய கோப்புகளைப் படிக்கிறார், பழைய ஆள்களிடம் பேசுகிறார், அதிலேயே உள்ளிருக்கும் துரோகியை நெருங்குகிறார். இதற்குப் பின்னால் கிம் ஃபில்பியின் உண்மைக் கதை இருக்கிறது. பிரிட்டிஷ் உளவுத் துறையில் உயர்ந்த பதவியில் இருந்துகொண்டே சோவியத்துக்கு வேலை பார்த்தவர், 1963இல் மாஸ்கோவுக்கு ஓடிப்போனவர். அவர் பிறந்தது அம்பாலாவில். 'கிம்' என்ற செல்லப் பெயர் வந்தது கிப்ளிங்கின் நாவலிலிருந்து. ஆடியில் படித்த புத்தகம் ஐப்பசியில் இப்படித் திரும்பி வந்தது எனக்குப் பெரிய சந்தோஷம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எரிக் ஆம்ப்ளரின் 'தி மாஸ்க் ஆஃப் டிமிட்ரியோஸ்' (1939): ஒரு துப்பறியும் கதை எழுத்தாளர் இறந்துபோன குற்றவாளியின் வாழ்க்கையைத் தேடி ஊர் ஊராகப் போகிறார். எழுதுகிறவர் கட்டாயம் படிக்க வேண்டும். கிரஹாம் கிரீனின் 'அவர் மேன் இன் ஹவானா' (1958): வேக்குவம் கிளீனர் விற்பவர் பொய் அறிக்கை அனுப்பிப் பிழைக்கிறார், பிறகு அந்தப் பொய்யில் நிஜ மனிதர்கள் சாகிறார்கள். கென் ஃபாலெட்டின் 'ஐ ஆஃப் தி நீடில்' (1978): உங்கள் கதையில் துரத்தல் வேண்டும் என்றால் இதைப் பாருங்கள். இயன் ஃப்ளெமிங்கின் 'கேசினோ ராயல்' (1953) எனக்கு மனசுக்கு ஒட்டவில்லை. ஒரே ஒரு பாடம் மட்டும் எடுத்துக்கொண்டேன். பெரிய சூதாட்டக் காட்சிக்கு முன்னால், சாப்பாட்டு மேசையில் ஆட்டத்தின் விதிகளைப் பாண்ட் உடனிருக்கும் பெண்ணுக்குச் சொல்லிவிடுகிறான். ஆட்டம் தொடங்கியபின் விளக்கத்துக்காக எங்கும் நிற்கவேண்டியதில்லை.

தமிழில் துப்பறிகிறவர்களுக்குக் குறைவில்லை. சங்கர்லாலும் சுஜாதாவின் கணேஷும் எனக்கு வீட்டு மனிதர்கள் மாதிரி. ஆனால் பல வருடம் பொய் முகத்தோடு வாழும் உளவாளியை நம் மண்ணில் வைத்து எழுதியதை நான் குறைவாகவே படித்திருக்கிறேன். இத்தனைக்கும் கரு இங்கேயே கிடக்கிறது. போர்க்காலத்தில் பினாங்கில் இந்திய இளைஞர்களுக்கு உளவுப் பயிற்சி கொடுத்து, 1942இல் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் கொண்டுவந்து மலபார் கரையில் இறக்கிவிட்டார்கள். பிடிபட்டவர்களில் வக்கம் காதர் 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். இதைப் படித்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை.

மார்கழி

முப்பது பக்கத்தையும் எடுத்து வைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினேன். களம் பினாங்கில் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், கொடுக்கல் வாங்கல் நடத்திய ஒரு கிட்டங்கி. நீளமான ஒரே கூடம், ஒவ்வொரு விலாசத்துக்கும், அதாவது வட்டிக்கடைக்கும், ஒரு பெட்டியடி: கணக்குப் பெட்டி வைத்து உட்காரும் இடம். யார் வந்தார், யார் போனார், யாருக்குக் கடுதாசி வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். ரகசியத்தை அங்கே எப்படிக் காப்பாற்றுவது என்பதே கதைக்குப் போதுமான நெருக்கடி. பெட்டியடிப் பையன்தான் நாயகன். 1942இல், ஈப்போவிலிருந்து தப்பி வந்த அடுத்தாள் (கடையை நடத்தும் மேலாளுக்கு உதவியாள்) என்று சொல்லிக்கொண்டு ஒருவன் அங்கே சேருகிறான். அவனை அனுப்பியது ஜப்பானிய ராணுவப் போலீஸ். நன்றாகத் தமிழ் பேசுவான், கணக்கு எழுதுவான், திருநீறு பூசுவான். அவன் போலி என்பது எப்படித் தெரிய வேண்டும்? ஃபோர்சைத் படித்தபோது நோட்டில் எழுதிய கேள்வி அப்படியே நின்றது.

எனக்கு ஊர் அரியக்குடி பக்கம், நகரத்தார் வீட்டுப் பிள்ளை இல்லை. அதனால் ஆச்சியிடம் போனேன். பணியாரமும் காபியும் கொடுத்து, கதையைக் கேட்டுக்கொண்டார். "புதுசா ஒருத்தர் வந்தா முதல்ல என்ன கேப்பாக? எந்த ஊரு, எந்தக் கோயில்னு கேப்பாக" என்றார். நகரத்தாருக்கு ஒன்பது கோயில், குலப் பிரிவு மாதிரி. ஒரே கோயிலுக்குள் பெண் கொடுத்து எடுப்பதில்லை என்பது எனக்கும் தெரியும். பயிற்சி கொடுத்து அனுப்புகிறவர்கள் அதை அவனுக்கும் சொல்லிக்கொடுத்திருப்பார்களே என்றேன். ஆச்சி கொஞ்ச நேரம் வளவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "அப்ப அவனைப் பிள்ளையார்பட்டிக் கோயில்னு சொல்ல வை. பொண்ணு எடுத்தது இரணியூர்க் கோயில்லன்னு சொல்ல வை. கோயில் வேறதானே, சரியாத்தானே இருக்குன்னு அவன் நினைப்பான். பிள்ளையார்பட்டியும் இரணியூரும் அண்ணன் தம்பி. அதுக்குள்ள எப்பிடிக் கட்டுவாக?"

காபியை அப்படியே வைத்துவிட்டு நோட்டை எடுத்தேன். கை நடுங்கியது.

மாசி

இதுவரை ஏழு அத்தியாயம் முடிந்திருக்கிறது, தொண்ணூற்றிரண்டு பக்கம். ஏழாம் அத்தியாயத்தில்தான் அந்த வரி வருகிறது. வந்தவன் இயல்பாகச் சொல்லிவிட்டுச் சாப்பிடுகிறான். மேலாள் எதுவும் கேட்கவில்லை, மோர் ஊற்றச் சொல்கிறார். முதலில் எழுதியபோது, அங்கேயே ஒரு பத்தி விளக்கம் வைத்திருந்தேன். கேசினோ ராயல் சாப்பாட்டு மேசை ஞாபகம் வந்ததும் எடுத்துவிட்டேன். இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு கல்யாணப் பேச்சைச் சேர்த்து, பிள்ளையார்பட்டிப் பெண்ணுக்கு இரணியூர் மாப்பிள்ளை ஏன் ஒத்துவராது என்று இரண்டு பெரியவர்கள் பேசிக்கொள்கிற மாதிரி வைத்தேன். பேரேட்டில் வாசகர் பத்தியில் வரவு ஏறிவிட்டது. ஐந்து அத்தியாயம் கழித்து வேலை செய்யட்டும்.

ஆச்சிக்கு வாசித்தால் உடனே பிடித்துவிடுவார், அது சோதனை ஆகாது. அதனால் கடையில் மரச்சாமானுக்குப் பாலிஷ் போடுகிற தம்பியிடம் கொடுத்தேன். அவருக்கு ராமநாதபுரம் பக்கம், இந்தக் கோயில் கணக்கெல்லாம் தெரியாது. மதியச் சாப்பாட்டு வேளையில் திண்ணையில் உட்கார்ந்து படித்தார். நான் ஒரு ஜாடியைத் துடைத்துக்கொண்டே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மோர் ஊற்றுகிற இடம் வந்ததும் நிறுத்தினார். அடுத்த பக்கத்துக்குப் போகவில்லை. தாள்களைப் பின்னோக்கிப் புரட்டி இரண்டாம் அத்தியாயத்தைத் தேடி எடுத்தார்.

எட்டாம் அத்தியாயம் பாதியில் இருக்கிறது. மேலாளுக்குத் தெரியும், நாயகனுக்கு இன்னும் தெரியாது. இந்தப் பாக்கியை எத்தனை பக்கம் நிறுத்தி வைக்கலாம் என்று பார்க்க, லீமஸ் காத்திருக்கும் அந்த முதல் அத்தியாயத்தை மறுபடி எடுத்து வைத்திருக்கிறேன்.