இரண்டு குப்பியிலும் பார்மலின்

எனக்கு லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் நோய்) இருப்பது 2019 முதலே தெரியும். மூட்டு வலிக்கு மாத்திரை எடுத்துக்கொண்டு, வீரவநல்லூரிலிருந்து பள்ளி வேலைக்கும் போய்வந்துகொண்டிருந்தேன். 2022 ஆனியில் கால் வீங்கி, சிறுநீரில் சோப்புத் தண்ணீர் போல நுரை நின்றது. வலி எதுவும் இல்லாததால் பத்து நாட்களைக் கடத்திவிட்டேன். சிறுநீரகம் வலித்துச் சொல்லாது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

புரதம் எவ்வளவு கசிகிறது என்று பார்க்க 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரிக்கும்போது காலையில் முதலில் போவதைக் கொட்டிவிட்டு, அடுத்த நாள் காலை முதலில் போவதைக் கேனில் சேர்க்க வேண்டும். கேனைக் கொடுத்தவர் அதைச் சொல்லவில்லை. நான் இரண்டையும் சேர்த்துவிட்டேன். மறுபடி சேகரித்ததில் புரதம் 3.8 கிராம் வந்தது, இரத்தத்தில் சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியாட்டினின் 1.6. பாளையங்கோட்டையில் பார்த்த சிறுநீரக மருத்துவர் உடனே பயாப்ஸி (ஊசியால் சிறுநீரகச் சதையில் துளி எடுத்துப் பார்ப்பது) எழுதினார்.

பயாப்ஸியைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. குப்புறப் படுத்து மூச்சை அடக்கினால், ஸ்டேப்லர் அடிப்பது போல ஒரு 'டக்'. பிறகு அன்று முழுவதும் மல்லாந்து படுத்தபடி, சிறுநீரில் இரத்தம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கோளாறு நடந்தது அதற்குப் பின்னர். எடுத்த சதையில் ஒரு துண்டு, சதையைக் கெடாமல் வைக்கும் பார்மலினிலும், இம்யூனோஃப்ளோரசன்ஸ் சோதனைக்கான (சதையில் எதிர்ப்பொருள் படிந்திருக்கிறதா என்று ஒளிரவைத்துப் பார்ப்பது) மற்றொரு துண்டு அதற்கென்று உள்ள தனித் திரவத்திலும் போக வேண்டும். மாதிரியை எடுத்துச் செல்ல வந்த தனியார் ஆய்வகத்தின் பையன் அந்தத் திரவத்தைக் கொண்டுவராமல், இரண்டு குப்பியிலும் பார்மலினையே ஊற்றிக்கொண்டு போய்விட்டான். எட்டு நாள் கழித்து வந்த அறிக்கையின் கடைசி வரியில் 'இம்யூனோஃப்ளோரசன்ஸ் செய்ய இயலவில்லை' என்றிருந்ததைப் படித்த என் வீட்டுக்காரர் ஆய்வகத்துக்குப் போன் செய்தபோது, "மருத்துவமனையில்தான் கேக்கணும்" என்றார்கள். மருத்துவமனையிலோ ஆய்வகத்தைக் கைகாட்டினார்கள். நல்லவேளையாக நுண்ணோக்கியில் லூபஸ் சிறுநீரகப் பாதிப்பின் நான்காம் வகை என்பது தெளிவாகத் தெரிந்ததாலும், இரத்தத்தில் சி3, சி4 என்ற எதிர்ப்புச் சக்திப் புரதங்கள் குறைந்து, லூபஸைக் காட்டும் டி.எஸ்.டி.என்.ஏ. எதிர்ப்பொருள் ஏறியிருந்ததாலும், இரண்டாவது பயாப்ஸி வேண்டாம் என்று மருத்துவர் முடிவு செய்தார். பயாப்ஸிக்குப் போகிறவர்கள் குப்பி இரண்டும் வெவ்வேறு திரவம்தானா என்று வாய்விட்டுக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

மூன்று நாள் ஸ்டீராய்டு டிரிப் முடிந்ததும், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளில் சைக்ளோபாஸ்பமைடா மைக்கோபினோலேட்டா என்ற பேச்சு வந்தது. முன்னது அளவு கூடக்கூடச் சினைப்பையைப் பாதிக்கலாம் என்பதால் பின்னதைத் தேர்ந்தோம். ஆனால் அதைச் சாப்பிடும் காலத்தில் கருத்தரிக்கவே கூடாது. சீட்டில் எழுதியிருந்தது மைக்கோபினோலேட் மொஃபெட்டில் 500, காலையில் இரண்டு, இரவில் இரண்டு. மருந்துக்கடையில் மைக்கோபினோலேட் சோடியம் 360 கொடுத்து, "ரெண்டும் ஒண்ணுதாம்மா, மில்லிகிராம் குறையுறதால மூணு மூணா போடுங்க" என்றார்கள். ஒரு வாரம் வயிற்றுப்போக்கில் நொந்த பிறகுதான், இதில் 360 என்பது அதில் 500-க்குச் சமம், எண்ணிக்கையைக் கூட்டவே கூடாது என்று மருத்துவர் சொல்லித் தெரிந்தது. கடைக்காரர் கணக்கை நம்பிய எனக்கும் அதில் பங்கு உண்டு.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்காக அலைந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன். கல்யாணமாகி ஆறு வருடமாகியும் என் பெயர் அப்பா வீட்டு ரேஷன் கார்டிலேயே இருந்ததால் முதல் நாள் திருப்பி அனுப்பினார்கள். அடுத்து நாங்கள் போனது நெல்லையப்பர் தேரோட்டத்தன்று. மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. இந்தச் சீமையில் பிறந்துவிட்டு அதை மறந்ததற்கு யாரையும் குறை சொல்ல முடியாது.

ஆறு மாதத்தில் வீக்கம் வடிந்தது. "ஏட்டி, முகம் தெளிஞ்சிட்டே, இனி எதுக்கு இத்தனை மாத்திரை?" என்று ஆச்சி கேட்டபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மருத்துவர் விடவில்லை. அழற்சியை மருந்து தணிக்கும், தழும்பாகிவிட்ட பகுதி திரும்பாது. ஒவ்வொரு முறை நோய் கிளம்பும்போதும் தழும்பு கூடும். இந்த நோயாளிகளில் நூற்றுக்குப் பத்து முதல் முப்பது பேர் வரை காலப்போக்கில் டயாலிசிஸுக்கோ மாற்றுச் சிறுநீரகத்துக்கோ போகிறார்கள் என்றார். ஓராண்டுக்குள் புரதம் 0.7 கிராமுக்குக் கீழே வர வேண்டும், வந்தாலும் குறைந்தது மூன்று ஆண்டுகள் மருந்தை விடக் கூடாது என்பது அவர் வைத்த கணக்கு. எனக்குப் பதினோராவது மாதம் 0.6 வந்தது, அந்தத் தாளை லேமினேட் போட்டு வைத்திருக்கிறேன்.

குழந்தை வேண்டும் என்று இப்போது சொல்லியிருப்பதால், மைக்கோபினோலேட்டை நிறுத்தி, கர்ப்பத்திலும் எடுக்கக்கூடிய அசாதயோபிரினுக்கு மாற்றியிருக்கிறார்கள். நிறுத்தி ஆறு வாரமாவது ஆக வேண்டும், அதற்கு மேலும் பல மாதம் நோய் அடங்கியே இருக்க வேண்டும். லூபஸுக்கான ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரையும் கர்ப்பத்தில் தொடரும். அந்த மாத்திரை விழித்திரையைப் பாதிக்கிறதா என்று பார்க்கும் கண் பரிசோதனைக்கு அடுத்த வாரம் திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஏற வேண்டும். அன்று விடுமுறை இல்லை என்பதை நாள்காட்டியில் இரண்டு முறை பார்த்துவிட்டேன்.