என் கடைப் பெயரில் ஒரு ழ

கடையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் இது விளம்பரமாகிவிடும். அந்தப் பெயரில் ஒரு 'ழ' இருக்கிறது என்று தெரிந்தால் போதும். பெயர் வைத்த நாளில் அந்த ழவை நினைத்து எனக்கு ஒரே பெருமை. எங்கள் பக்கத்துச் சனம் அதை 'ள' என்றுதான் சொல்லும், போனில் ஆங்கில எழுத்தில் தட்டும்போது வெறும் 'எல்' போடும் என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை.

நான் இருப்பது பெரியகல்லாற்றில். கல்முனை பஸ்ஸில் ஏறிக் கொஞ்ச நேரம் தெற்கே போனால் மட்டக்களப்பு மாவட்டம் முடிந்து அம்பாறை மாவட்டம் வந்துவிடும், பெரியநீலாவணை தாண்டினால் மருதமுனை. அங்கே தறி வைத்திருக்கும் ஒரு காக்காவிடம் (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் அழைப்போம்) கைத்தறிச் சாறியும் சாரனும் (லுங்கி) எடுத்து, வெப்சைட்டில் போட்டு, கூரியரில் அனுப்புகிறேன். முதலில் பேஸ்புக் பக்கம் மட்டும்தான். கொரோனா ஊரடங்கில் சும்மா இருந்தபோது தம்பி வெப்சைட் கட்டித் தந்தான். முதல் வருடம் அதற்கு வந்துபோனவர்களில் பாதி நானும் அவனும்தான்.

சாறிகளுக்கு நான் வைத்திருந்த பெயர்களைச் சொன்னால் சிரிப்பீர்கள். 'அந்திவானம்', 'வாவி நீலம்', 'மயிலிறகு'. ஒவ்வொன்றுக்கும் நாலு வரிக் கவிதை வேறு. விலையும் நீளமும் கவிதைக்குக் கீழே எங்கேயோ கிடக்கும். ஒருநாள் காக்காவுக்குக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து வாசித்தார்.

"தங்கச்சி, வாவியில மீனத்தானே தேடுவாங்க, சாறியையா தேடுவாங்க?"

சரி, நெசவுக்காரருக்கு இணையம் பற்றி என்ன தெரியும் என்று வந்துவிட்டேன். அப்புறம் கூகுள் சேர்ச் கன்சோலைத் திறந்து பார்த்தேன். எந்தச் சொல்லைத் தட்டியவருக்கு நம் பக்கம் காட்டப்பட்டது, அதில் எத்தனை பேர் உள்ளே வந்தார்கள், சராசரியாக எத்தனையாவது இடத்தில் நின்றோம் என்று 16 மாதக் கணக்கு வரை அதில் இருக்கும். காசு கட்டத் தேவையில்லை. வெப்சைட் வைத்துக்கொண்டு இதைத் திறந்து பாராதவர்கள் கல்லாப்பெட்டியை எண்ணாமல் கடையைப் பூட்டுகிறவர்கள். நானும் ஒரு வருடம் அப்படித்தான் பூட்டினேன்.

'வாவி நீலம்' என்று உலகத்தில் ஒருவரும் தட்டவில்லை. தட்டியதெல்லாம் 'மருதமுனை சாறி விலை', 'கொட்டன் சாறி கல்முனை', 'டீச்சர் சாறி'. கடைசியைப் பார்த்ததும் தலையில் கைவைத்தேன். இந்த நாட்டில் டீச்சர்மார் பெரும்பாலும் பள்ளிக்கூடத்துக்குச் சாறி கட்டித்தான் போகிறார்கள். என்னிடம் வாங்குகிறவர்களில் முக்கால்வாசி அவர்கள்தான். ஆனால் 'டீச்சர்' என்ற சொல் வெப்சைட்டில் நான் எழுதிய ஒரு இடத்திலும் இல்லை. ஏதோ பின்னூட்டம் ஒன்றில் யாரோ எழுதியதை வைத்துத்தான் கூகுள் நாலாம் பக்கத்தில் என்னைத் தொங்கவிட்டிருந்தது.

ஒரு வாரம் இருந்து எல்லாத் தலைப்பையும் மாற்றினேன். 'மருதமுனை கைத்தறிச் சாறி, சிவப்புக் கரை, பருத்தி' என்று சந்தையில் கேட்பதுபோலவே. கவிதையை அடியில் வைத்தேன், முழுதாக எடுக்க மனம் வரவில்லை. படங்களின் பெயரெல்லாம் போன் கொடுத்த நீள எண்களாக இருந்தன. அவற்றையும் திருத்தி, படத்துக்கான விளக்க வரியும் எழுதினேன். விலையையும் கையிருப்பையும் கூகுளுக்குப் புரிகிற குறியீட்டில் போட்டுத் தந்தது தம்பி.

இன்னொரு பிழையும் செய்துகொண்டிருந்தேன். கைத்தறியில் ஒரு மாதிரி நாலைந்து சாறிதான் வரும். விற்று முடிந்ததும் அந்தப் பக்கத்தையே அழித்துவிடுவேன், கடை துப்புரவாக இருக்கட்டும் என்று. யாரோ ஒரு டீச்சர் தன் வட்ஸ்அப் குறூப்பில் போட்ட இணைப்பை மற்ற டீச்சர்மார் தட்டினால் 'பக்கம் இல்லை' என்று வெறும் 404. இப்போது அழிப்பதில்லை. 'முடிந்தது' என்று போட்டு, அதே கரையில் வேறு நிறம் இருந்தால் பக்கத்திலேயே காட்டுகிறேன். பழைய பக்கம் கூகுளிடம் சேர்த்து வைத்திருந்த மதிப்பு வீணாகாது.

வேகம் பற்றி ஒரு கதை. மண்டூர்க் கோயில் திருவிழாவுக்குக் குருமண்வெளியில் பாதை ஏறினோம். பாதை என்றால் வெளியூர்க்காரருக்கு ரோட்டாகப் படும், எங்களுக்கு வாவியைக் கடக்கிற மிதவைப் படகு. பக்கத்தில் நின்ற ஒரு மாமி என் சாறியைத் தொட்டுப் பார்த்து எங்கே எடுத்தது என்று கேட்க, பெருமையாகப் போனில் கடையைத் திறந்தேன். முதல் படத்தின் மேல் கரை வந்தது. அப்புறம் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. வாவியின் மறுபக்கமான படுவான்கரையில் மோட்டார் சைக்கிள்கள் இறங்கத் தொடங்கிய பிறகும் முந்தானை வரவில்லை. மாமி "பரவாயில்ல மகள்" என்று இறங்கிப்போய்விட்டார். வீட்டில் வைஃபையில் பார்த்துப் பார்த்து அழகு என்று நான் நினைத்திருந்த படம் ஒவ்வொன்றும் 4, 5 எம்பி. பக்கத்தின் வேகத்தை அளக்கும் கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் போட்டால் முழுக்கச் சிவப்பு. பக்கத்தின் பெரிய படம் 2.5 செக்கனுக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவு. படங்களை 150 கேபிக்குக் குறைத்தேன். சாறியின் நூல் இழை அப்படியும் தெரிகிறது.

இடையில் கொழும்பிலிருந்து ஒருவர் அழைத்து, ஒரே மாதத்தில் முதல் பக்கம் என்றார். 45,000 ரூபாய் கொடுத்தேன். அவர் செய்தது இரண்டு வேலை. பக்கத்தின் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் 'கீவேர்ட் டாக்' என்ற சொற்பட்டியலில் நிறையச் சொற்களை அடைந்தார், அதைத் தரவரிசைக்குப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009இலேயே சொல்லிவிட்டது. அப்புறம் எங்கெங்கோ இருக்கும் சூதாட்டத் தளங்களிலிருந்து காசுக்கு இணைப்பு வாங்கிப் போட்டார், அது கூகுளின் விதிக்கே விரோதம். வேறென்ன சொல்ல, அந்தக் காசுக்குப் பத்துச் சாறி எடுத்திருக்கலாம்.

இனி ழவுக்கு வருகிறேன்.

நம்மைப் பற்றி யார் என்ன பேசுகிறார்கள் என்று தெரிய கூகுள் அலேர்ட்ஸில் கடைப் பெயரைப் போட்டு வைத்திருந்தேன். தமிழில் ழ போட்டு ஒன்று, ஆங்கிலத்தில் 'ஸெட் எச்' போட்டு ஒன்று. மாதக்கணக்கில் ஒரு மின்னஞ்சலும் வரவில்லை. நல்ல பேர்தான் போல என்று நிம்மதியாக இருந்தேன். களுவாஞ்சிகுடியிலிருந்து மச்சாள் ஒரு ஸ்கிரீன்ஷொட் அனுப்பும் வரை.

பெண்களுக்கான ஒரு மூடிய பேஸ்புக் குறூப். சிவப்புக் கரைச் சாறி ஒருவருக்கு முதல் அலசலிலேயே சாயம் விட்டு, கிறீம் நிற உடல் முழுக்க ரோஸ் திட்டு. படத்தோடு போட்டிருந்தார். கீழே 60க்கு மேல் கொமன்ட். போட்டு 23 நாள். மூடிய குறூப்புக்குள் கூகுளால் எட்டிப்பார்க்க முடியாது, அலேர்ட் எப்படி வரும்? நானே குறூப்பில் சேர்ந்து, ழ போட்டுத் தேடினேன். ஒன்றுமில்லை. 'எல்' போட்டுத் தேடினேன். மூன்று பதிவுகள். ஒன்று சாயப் பதிவு, ஒன்று யாரோ சாறி கட்டிய படம். மூன்றாவது ஒரே வரி: "இவங்கள நம்பிக் காசு போடலாமா?" அதற்கு ஒரு பதிலும் இல்லை. போட்டு ஐந்து மாதம். சாயப் பதிவைவிட அந்த வரிதான் எனக்கு உறைத்தது. கேட்டவர் வாங்க வந்தவர், வாசலில் ஐந்து மாதம் நின்றிருக்கிறார்.

சாயச் சாறியைத் திருப்பி வரவழைத்து மருதமுனைக்குக் கொண்டுபோனேன். காக்கா தன் வெள்ளைச் சாரனின் ஓரத்தை நனைத்து, கரையில் வைத்துப் பெருவிரலால் இரண்டு தேய் தேய்த்தார். சாரனில் ரோஸ் ஏறியது. கொஞ்ச நேரம் பேசவில்லை.

"நூல் புது இடத்துல எடுத்த. சாயம் போட்டுட்டு ஒழுங்கா அலசல்ல."

"உப்புத் தண்ணியில ஊற வைக்கச் சொல்லவா காக்கா?"

"சாயம் போடக்குள்ளதான் உப்பு. போட்ட பிறகு தண்ணிதான் மகள், சிவப்பு நிக்கும்வரைக்கும் தண்ணி."

அந்த நூலில் நெய்தது 9 சாறி, 6 விற்றிருந்தது. ஆறு பேருக்கும் நானே அழைத்துச் சொல்லிக் காசைத் திருப்பிக் கொடுத்தேன். குறூப்பில் பிழை எங்களுடையது என்று எழுதினேன், எந்த நூல், என்ன நடந்தது என்றும். தம்பி, "பதிவை எடுக்கச் சொல்லிக் கேள் அக்கா" என்றான். நான் கேட்கவில்லை. சாறி சாயம் விட்டது உண்மைதானே. கூகுளில் வருகிற ஒற்றை நட்சத்திரத்துக்கும் இதே கதைதான். விதியை மீறிய ரிவியூ என்றால் முறையிடலாம், மனதைக் குத்துகிறது என்பதற்காக எடுக்க மாட்டார்கள். கீழே பதில் எழுதலாம். நல்ல ரிவியூவுக்குத் தள்ளுபடி தருவதும் தடை. சாறி போய்ச் சேர்ந்து ஒரு வாரத்தில் எல்லோரிடமும் ஒரே மாதிரி ரிவியூ கேட்கிறேன், முகம் சுளித்தவர்களிடமும்.

காக்கா சொன்ன தண்ணீர்க் கதையை 'மருதமுனை சாறி சாயம் போகுமா?' என்று ஒரு பக்கமாக எழுதிப் போட்டேன். முதல் அலசல் தனியாக, குளிர்ந்த தண்ணீரில், நிழலில் காயப்போடுங்கள், அதற்கு மேலும் சாயம் ஓடினால் பிழை எங்களுடையது, அழையுங்கள். கூட்டம் சேர்க்க எழுதியதில்லை. ஆனால் இன்றைக்கு வெப்சைட்டில் கூடுதலாக வாசிக்கப்படுவது அதுதான், அதற்குள்ளிருந்துதான் பலர் சாறிப் பக்கத்துக்குப் போகிறார்கள். 'நம்பிக் காசு போடலாமா' என்பதையும் அப்படியே தலைப்பாக்கி, வீட்டு முகவரி, என் படம், பொருள் கைக்கு வந்த பிறகு காசு கொடுக்கலாம் என்ற விவரம் எல்லாம் போட்டேன்.

இப்போது என் கொப்பியில் கடைப் பெயரின் எழுத்துக்கூட்டல் ஏழு இருக்கிறது. ஞாயிறு காலை புட்டு அவிகிற நேரத்தில் ஏழையும் கூகுளிலும் மூன்று குறூப்பிலும் தட்டிப் பார்ப்பேன். போன ஞாயிறு, பழைய கேள்வியே புதிதாக ஒருவரிடமிருந்து வந்திருந்தது: "இந்தக் கடை நல்லமா?" நான் பதில் தட்டுவதற்குள் முகம் தெரியாத யாரோ எழுதிவிட்டார்: "காசெல்லாம் திருப்பித் தருவாங்க. சிவப்பு மட்டும் பாத்து எடுங்க."

சிவப்பு இப்போது பிரச்சினை இல்லை என்று எழுதப்போய், அழித்துவிட்டு, ஒரு லைக் மட்டும் போட்டேன்.