லோட் டிஃபால்ட்ஸை 7.0-க்கு மாற்றிய அனுபவம்

ரூபி மொழியில் வெப் ஆப் எழுத உதவும் ஃபிரேம்வொர்க்தான் ரெயில்ஸ். எங்கள் ரெயில்ஸ் ஆப்பை 6.1-லிருந்து 7.0-க்கு ஏற்றினேன். டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆனதும் வேலை முடிந்தது என்றே நினைத்தேன். அப்புறம்தான் அப்ளிகேஷன் கோப்பில் லோட் டிஃபால்ட்ஸ் வரி கண்ணில் பட்டது. எந்த வெர்ஷனின் இயல்பு அமைப்புகளோடு ஆப் ஓட வேண்டும் என்று சொல்லும் வரி அது. அதில் இன்னும் 6.1 என்றே இருந்தது. ஏற்றியது புது ரெயில்ஸ்தான், ஆனால் ஆப் பழைய அமைப்புகளோடுதான் ஓடிக்கொண்டிருந்தது.

எண்ணை உடனே மாற்ற மனம் வரவில்லை. அப்டேட் கட்டளை உருவாக்கித் தந்த ‘நியூ ஃபிரேம்வொர்க் டிஃபால்ட்ஸ்’ கோப்பைத் திறந்தேன். புது அமைப்புகள் எல்லாம் அதில் கமென்ட்டாக, அதாவது செயல்படாத வரிகளாக, இருக்கும். ஒரு வரியின் கமென்ட்டை எடுப்பது, டெஸ்ட் ஓட்டுவது, டிப்ளாய் செய்வது (சர்வரில் ஏற்றுவது), அப்புறம் அடுத்த வரி. நேரம் பிடிக்கும்தான், ஆனால் ஏதாவது உடைந்தால் எந்த வரியால் என்று தேட வேண்டியதில்லை.

பாதி வரிகள் எந்தச் சிக்கலும் இல்லாமல் போயின. பக்கத்தில் பட்டனை உருவாக்கும் பட்டன்-டூ பற்றிய வரியில் மட்டும் சில டெஸ்ட்கள் விழுந்தன. இன்புட் டேக் வந்த இடத்தில் இப்போது பட்டன் டேக் வந்தது. ஸ்டைல்ஷீட்டிலும் கை வைக்க வேண்டியிருந்தது.

என்னை உண்மையிலேயே பயமுறுத்தியது, ரகசியச் சாவிகளை உருவாக்கும் கீ ஜெனரேட்டர் பற்றிய வரி. லாகினை நினைவில் வைக்கும் குக்கீயைப் பூட்டும் சாவி அதுவரை எஸ்எச்ஏ-1 என்ற ஹேஷ் முறை வழியாக உருவானது, இனி எஸ்எச்ஏ-256. அப்படியே போட்டால் பழைய குக்கீகளைப் படிக்க முடியாது, லாகின் செய்திருக்கும் அத்தனை பேரும் வெளியே வந்துவிடுவார்கள். அதற்குத்தான் குக்கீ ரொட்டேட்டர்: பழைய சாவியால் திறந்து, புதிய சாவியால் பூட்டி அனுப்பும். எழுதினேன். ஸ்டேஜிங்கில் (சோதனை சர்வரில்) பழைய வெர்ஷனில் லாகின் செய்துவிட்டு, புதியதை டிப்ளாய் செய்து பக்கத்தைப் புதுப்பித்தேன். லாகின் பக்கம் வந்து நின்றது!

ஒரு மதியம் முழுக்க அதிலேயே போனது. பழைய சாவியை உருவாக்கும்போது இட்டரேஷன்ஸ் (கணக்கை எத்தனை முறை திரும்பச் செய்வது) 1000 என்று கொடுக்க மறந்திருந்தேன். கொடுக்காவிட்டால் கீ ஜெனரேட்டர் 65,536 எடுத்துக்கொள்ளும், ஆனால் ஆப் பயன்படுத்துவது 1000. சாவி பொருந்தவே பொருந்தாது. அந்த ஒரு எண்ணைச் சேர்த்ததும் உள்ளேயே இருந்தேன். அப்படி ஒரு நிம்மதி. தயவுசெய்து இந்தச் சோதனையை ஸ்டேஜிங்கில் செய்யாமல் பயனர்கள் பயன்படுத்தும் புரொடக்‌ஷனுக்குப் போகாதீர்கள்.

கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) தரவை எழுதும் வடிவமான கேஷ் ஃபார்மட்டை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். 7.0 எழுதும் புது வடிவத்தை 6.1-ஆல் படிக்க முடியாது. எல்லா சர்வரும் மாறி, இனி ரோல்பேக் (பழைய வெர்ஷனுக்குத் திரும்புவது) வேண்டாம் என்று உறுதியான பிறகே போட்டேன். இதை அந்தத் தனிக் கோப்பில் வைக்காமல் அப்ளிகேஷன் கோப்பிலேயே போட வேண்டும். அந்தத் தனிக் கோப்பிலேயே அப்படிக் குறிப்பு இருக்கிறது.

சரி, கடைசியில் லோட் டிஃபால்ட்ஸ் வரியில் 6.1-ஐ 7.0 ஆக்கி, அந்தத் தனிக் கோப்பை அழித்தேன். ரொட்டேட்டரை மட்டும் இன்னும் எடுக்கவில்லை. எங்கள் ‘ரிமெம்பர் மீ’ குக்கீயின் ஆயுள் முடியும்வரை அது இருக்கட்டும்.