ஆக்டேவியா ஆர்எஸ்: 5டபிள்யூ-30இலிருந்து 5டபிள்யூ-40க்கு, ஆய்வக முடிவுகளுடன்

ஓடிய எஞ்சின் ஆயிலைச் சோதிக்கும் சென்னை ஆய்வகத்திலிருந்து இரண்டாவது அறிக்கை வந்துவிட்டது. முதல் அறிக்கை 5டபிள்யூ-30 என்ற கிரேடு (ஆயிலின் தடிமனைக் குறிக்கும் வகை) ஓடியபோது எடுத்த மாதிரிக்கு, இது அதைவிடச் சற்றுக் கெட்டியான 5டபிள்யூ-40க்கு. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்த பிறகு, பாண்டிச்சேரியில் டர்போ பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்கள் கூடும் இடத்திலெல்லாம் நடக்கும், எந்த கிரேடு ஆயில் ஊற்றுவது என்ற அந்தப் பழைய வாக்குவாதத்துக்கு என் பங்காக எண்களையாவது கொண்டுவர முடியும் என்ற நிம்மதி எனக்கு.

வண்டி 2017இல் இந்தியாவுக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230. இரண்டு லிட்டர் டிஎஸ்ஐ டர்போ பெட்ரோல் எஞ்சின், 230 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர். இந்த எஞ்சினைப் பற்றி இதைப் படிப்பவர்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியது எதுவும் இல்லை.

வாக்குவாதத்தின் ஒரு பக்கம், என் மெக்கானிக் முதற்கொண்டு, "நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் சார் தாங்கும், 20டபிள்யூ-50 ஊத்திடுங்க" என்பார்கள். மறுபக்கம், கம்பெனி கையேட்டில் உள்ளதைத் தவிர வேறெதையும் தொடக் கூடாது என்பார்கள். இரண்டு கட்சியினரும் வண்டிக்குள் ஆயில் உண்மையில் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்பதுதான் என் மனக்குறை. மீட்டர் போர்டில் கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலை முள் 90இல் ஆணி அடித்தாற்போல நிற்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. எழுபதுகளின் இறுதி முதல் நூறைத் தாண்டும் வரை அது அசையாதபடிதான் அமைத்திருக்கிறார்கள். ஆயில் வெப்பநிலையைத் தனியாக எண்ணாகக் காட்டும் திரை இந்த வண்டியிலேயே இருக்கிறது. 50 டிகிரிக்குக் கீழே வெறும் கோடுகள்தான் தெரியும். அதன் பிறகே எண் வரும்.

அந்த எண்ணைச் சில மாதங்கள் குறித்துவைத்தேன். முத்தியால்பேட்டையிலிருந்து ரயில் நிலையம் வரையிலான நெரிசலில், கூலண்ட் முள் தொண்ணூறைத் தொட்டு நின்ற பிறகும் ஆயில் எண்பதை எட்டாமலேயே பயணம் முடிந்துவிடுகிறது. ஈசிஆரில் மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி நிதானமாகப் போகையில் 95 முதல் 98 வரை. திண்டிவனம் நாற்கரச் சாலையில் கொஞ்சம் அழுத்தினால் 110. இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில், 3.7 கிலோமீட்டர் சுற்றைத் தொடர்ந்து சில முறை முழு வேகத்தில் ஓட்டினால் 130ஐத் தாண்டிவிடுகிறது. அத்துடன் நான் குளிர்விக்கும் சுற்றுக்கு இறங்கிவிடுவேன்.

இதில் கவனிக்க வேண்டியது, மே மாத உச்சி வெயிலுக்கும் மார்கழி விடியலுக்கும் நெடுஞ்சாலை எண்ணில் சில டிகிரிகளே வேறுபாடு என்பது. காரணம் எளிது. இந்த எஞ்சினில் ஆயிலைக் குளிர்விப்பது காற்று அன்று, கூலண்ட்; அந்தக் கூலண்டின் வெப்பத்தைத் தெர்மோஸ்டாட் என்னும் தானியங்கி அடைப்பான் கட்டுப்படுத்துகிறது. ஆகவே ஆயிலைச் சூடாக்குவது நம் வலது கால்தான், கத்திரி வெயில் அன்று. வெயிலைக் காட்டிக் கெட்டி ஆயில் ஊற்றச் சொல்லும் வாதம் இந்த இடத்தில் பெரிதும் வலுவிழந்துவிடுகிறது.

அடுத்து, கேனின் மீதுள்ள எண்களுக்கு வருவோம். முதல் எண் கடுங்குளிரில் செய்யும் சோதனைக்கானது. 5டபிள்யூ என்றால் மைனஸ் 30 டிகிரியில் எஞ்சினைச் சுழற்ற முடிகிறதா என்று பார்க்கிறார்கள். இருபது டிகிரிக்குக் கீழே அரிதாகவே இறங்கும் நம் ஊரில் அந்தச் சோதனை நேரடியாகப் பொருந்தாது. ஆனாலும் அந்த எண்ணை அலட்சியம் செய்வதற்கில்லை: ஆயில் கம்பெனிகளின் தகவல் தாள்களில் உள்ள 40 டிகிரி, 100 டிகிரிப் பாகுத்தன்மை அளவுகளை வைத்து, மற்ற வெப்பநிலைகளின் பாகுத்தன்மையைத் தரும் ஏஎஸ்டிஎம் டி341 சமன்பாட்டில் கணக்கிட்டால், 30 டிகிரிக் காலையில் நான் ஊற்றியுள்ள 5டபிள்யூ-40 ஏறக்குறைய 130 சென்டிஸ்டோக்ஸ் (பாகுத்தன்மையின் அலகு; எண் கூடினால் ஆயில் கெட்டி) என்றும், ஒரு சாதாரண 20டபிள்யூ-50 அதைப் போல் இரு மடங்குக்கு மேல் என்றும் வருகிறது. நகருக்குள் ஆயில் முழுமையாகச் சூடேறாமலேயே ஓடும் வண்டிக்கு அந்த இரு மடங்கைத் தினமும் சுமக்க வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

இரண்டாவது எண் 100 டிகிரிப் பாகுத்தன்மையைச் சொல்கிறது. 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள், 40 என்றால் 12.5 முதல் 16.3க்குள். நான் முன்பு பயன்படுத்திய 5டபிள்யூ-30க்குத் தாளில் 12.0, புதிய 5டபிள்யூ-40க்கு 13.8. அதே சமன்பாட்டில் போட்டால், 30 கிரேடு 100 டிகிரியில் இருக்கும் தடிமனுக்கு 40 கிரேடு 107 டிகிரியில் வந்துவிடுகிறது. ஒரு கிரேடு கூட்டியதில் கிடைத்த இலாபம் ஏறக்குறைய ஏழு டிகிரி மட்டுமே! 130 டிகிரியில் முன்னது 6.9, பின்னது 7.8. பந்தயத் தடத்தில் முப்பது டிகிரி கூடுதலாக ஏறும் வண்டிக்குக் கிரேடு மாற்றம் தனியாக விடை ஆகாது என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது.

அதைவிட முக்கியமானது 150 டிகிரியில் அதிவேக உராய்வில் அளக்கும் எச்டிஎச்எஸ் என்னும் எண். பேரிங்கைக் காப்பாற்றுவது அதுதான். சாதாரண 30 கிரேடுக்கு 2.9 மில்லிபாஸ்கல்-செகண்ட் இருந்தால் போதும்; ஆனால் ஸ்கோடாவின் தாய் நிறுவனமான ஃபோக்ஸ்வேகன் ஆயில்களுக்குத் தரும் விடபிள்யூ 502 00, 504 00 ஆகிய இரண்டு அங்கீகாரங்களும் கிரேடு எதுவானாலும் 3.5க்குக் குறையக் கூடாது என்கின்றன. அதனால் 504 00 பெற்ற 5டபிள்யூ-30, கடையில் கிடைக்கும் ஏனைய முப்பதுகளின் இனம் அன்று. கேனின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தில் உள்ள சிறிய எழுத்துகளைப் படிக்க வேண்டும் என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான். 508 00 என்று போட்ட, இன்னும் இளகிய பச்சை நிற 0டபிள்யூ-20ஐ இந்த எஞ்சினுக்குச் சிபாரிசு செய்பவர் யாராக இருந்தாலும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

மாதிரி எடுப்பதுதான் இந்த வேலையிலேயே நுட்பமான கட்டம். நேரடியாக எரிபொருள் பாய்ச்சும் டர்போ எஞ்சினில் பெட்ரோல் கொஞ்சம் ஆயிலோடு கலப்பது இயல்பு. நீண்ட தூரம் சூடாக ஓடினால் அதில் பெரும்பகுதி ஆவியாகிவிடும். திண்டிவனம் போய்த் திரும்பிய கையோடு மாதிரி எடுத்தால் அறிக்கை பரிசுத்தமாக வரும், பயன் இராது. எனவே வழக்கமான நகர ஓட்டத்தின் ஒரு வாரத்துக்குப் பிறகு, ஆயில் எழுபது எண்பதில் இருக்கும்போதே எடுத்தேன். ஆயிலை வடிக்கும் டிரெய்ன் பிளக்கைச் சுற்றி நூல் பிரியாத துணியால் துடைத்து, முதலில் பீறிடும் அடிக்கசடைப் போகவிட்டு, ஒழுக்கு சீரான கம்பியாக விழத் தொடங்கியதும் ஆய்வகம் தந்த குப்பியை நடுவில் நீட்டி முக்கால் பங்கு பிடித்து, உடனே மூட வேண்டும். கையுறைக்குள் விரல் சுடும், குப்பியை இழுத்துவிடத் தோன்றும், இழுக்கக் கூடாது.

முடிவுகள்: 100 டிகிரிப் பாகுத்தன்மையில் 5டபிள்யூ-30, 12.0இலிருந்து 10.6க்கு இறங்கியிருந்தது. 5டபிள்யூ-40, 13.8இலிருந்து 12.2க்கு வந்திருக்கிறது. அதாவது கேனில் 40 என்று எழுதியிருந்தாலும் வடிக்கும் நாளில் எஞ்சினுக்குள் இருந்தது கணக்குப்படி 30தான். பெட்ரோல் கலப்பு இரண்டிலும் இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேல். இரும்பு, செம்பு அளவுகள் இரண்டிலும் குறைவாகவும் ஏறக்குறைய சமமாகவும் உள்ளன. எனவே 40 கிரேடு தேய்மானத்தைக் குறைத்தது என்று மார்தட்ட எனக்கு ஆதாரம் இல்லை. நீர்த்துப்போன பிறகும் புதிய 30 கிரேடைவிட இளகாமல் நிற்கிறது என்பதே அதன் பெருமை, நகர ஓட்டமும் தட ஓட்டமும் கலந்த எனக்கு அதுவே போதும். 502 00 பெற்ற 5டபிள்யூ-40ஐயே தொடர்வேன். கம்பெனி சொல்லும் 15,000 கிலோமீட்டரில் பாதியிலேயே மாற்றிவிடுவேன்.

ஆயில் வாங்குவது பற்றி ஒரு வார்த்தை. கடலூர் சாலையில் ஒரு கடையில் எனக்குக் கிடைத்த கேனில் மூடிக்கு உள்ளே அலுமினியத் தாள் கோணலாக ஒட்டியிருந்தது. தொகுதி எண்ணை விரலால் தேய்த்ததும் மை கலைந்தது. கேள்வி கேட்காமல் பணத்தைத் திருப்பித் தந்துவிட்டார்கள் என்பதே எனக்குச் சந்தேகத்தை உறுதிப்படுத்தியது. இப்போது விநியோகஸ்தரிடம் பில்லோடுதான் வாங்குகிறேன், காலிக் கேனைக் காயலான் கடைக்குப் போடும் முன், யாரும் அதில் போலி ஆயில் நிரப்பாதபடி கத்தியால் குத்திக் கிழித்துவிடுகிறேன்.

130 டிகிரிப் பிரச்சினைக்குத் தனி ஆயில் கூலர் பொருத்தலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். பம்பர் துளைக்குப் பின்னால் இடம் இருக்கிறது. குழாய் வளைவுதான் இடிக்கிறது. தெர்மோஸ்டாட் இல்லாத கூலர் நகருக்குள் ஆயிலை இன்னும் குளிர வைத்துப் பெட்ரோல் கலப்பைக் கூட்டிவிடும் என்பதால், தெர்மோஸ்டாட் உள்ளது கிடைத்தால்தான் வாங்குவேன். அதற்குள் டிஎஸ்ஜி என்னும் தானியங்கி கியர்பாக்ஸின் ஆயிலை மாற்றுவதற்கான 60,000 கிலோமீட்டரும் நெருங்குகிறது. அதன் ஃபில்டர் ஏற்கெனவே வந்து அலமாரியில் இருக்கிறது. 5டபிள்யூ-40 ஓடியபோது இருந்த எஞ்சின் ஃபில்டரை அறுத்து மடிப்புகளைப் பிரித்துப் பார்க்கும் வேலைதான் பாக்கி. அது இன்னும் ஒரு தட்டில் எண்ணெய் சொட்டிக்கொண்டிருக்கிறது.