பட்டன், பட்டன், பட்டன்: சொந்தத் தளம் தொடங்கப் பட்ட பாடு

எனக்குப் பார்வை இல்லை. கம்ப்யூட்டரில் திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் என்விடிஏ, தட்டுவது தமிழ்99 கீபோர்டு முறையில். எங்கள் வட ஆற்காட்டுச் சமையலை எழுத ஒரு தளம் வேண்டும் என்று ஆசைப்பட்டு, ‘அஞ்சே நிமிஷத்தில் வெப்சைட்’ என்று கூவிய ஒரு கருவிக்கு ஒரு வருஷப் பணத்தை மொத்தமாகக் கட்டிவிட்டேன். சும்மா சோதித்துப் பார்க்க நாள் கொடுத்திருந்தார்கள், நான்தான் தள்ளுபடியில் மயங்கிவிட்டேன். நீங்கள் அந்தத் தப்பைச் செய்யாதீர்கள்.

கணக்குத் திறந்ததில் வம்பில்லை. எழுதும் பக்கத்தில் டேப் அடித்தால் ‘பட்டன்’, ‘பட்டன்’, ‘பட்டன்’. பதினேழு எண்ணினேன், ஒன்றுக்கும் பெயர் கிடையாது. சேமிக்கிறது எது, அழிக்கிறது எது? துணிந்து ஒன்றை அழுத்தினேன், சீரகசம்பாவில் தொடங்கி கத்தரிக்காய் தொக்கு வரை எழுதி வைத்திருந்த ஆம்பூர் பிரியாணி மொத்தமும் போச்சு. படம் சேர்க்க மவுஸால் இழுத்துப் போட வேண்டுமாம், கீபோர்டில் வழியே இல்லை.

உதவி மையத்துக்கு எழுதினால், “பார்வை உள்ள யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்” என்று பதில். படிப்பவருக்கு மட்டுமில்லை, எழுதுகிறவருக்கும் கருவி ஒத்துவர வேண்டும் என்று இணையத்துக்குத் தரம் வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2015லேயே ஏடிஏஜி 2.0 என்ற வழிகாட்டியைப் போட்டிருக்கிறதே என்று லிங்க்கோடு திருப்பி அனுப்பினேன். “மேலான கருத்துக்கு நன்றி.” கட்டிய பணம் திரும்பி வரவில்லை.

சரி என்று காட்பாடியிலிருந்து உச்சி வெயிலில் பஸ் ஏறி, வேலூரில் வெப்சைட் செய்து தரும் ஒரு கடைக்குப் போனேன். “மேட்டரை வாட்ஸ்அப்ல அனுப்புங்க சார், நாங்களே போட்டுடறோம்.” ஒற்றைக் கொம்பு விட்டுப்போனால்கூட அந்தப் பையனுக்குத்தான் போன் போட வேண்டும் என்றால் அது யாருடைய தளம்? கரும்புச்சாறு குடித்துவிட்டுத் திரும்பினேன்.

கடைசியில் கைகொடுத்தது, நாமே தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ். என்விடிஏ கீயோடு (வழக்கமாக இன்சர்ட்) ஸ்பேஸ் அழுத்தி, தட்டுவதெல்லாம் எழுத்தாகவே விழும் ஃபோகஸ் மோடுக்குப் போய்விட்டுத் தட்டுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு எழுத்தும் கட்டளையாகி எங்கேயாவது குதிக்கும். இரண்டு ஹேஷ் (#), ஒரு ஸ்பேஸ் போட்டால் துணைத்தலைப்பு. சாய்கோடு போட்டு ‘இமேஜ்’ என்று அடித்தால் படம் சேர்க்கும் இடம் வந்துவிடும், ஆனால் அதற்கு முன் கீபோர்டை ஆங்கிலத்துக்கு மாற்றவேண்டும், இது புரிய எனக்கு அரை நாள் ஆனது. டூல்பாருக்கு ஆல்ட்டும் எஃப்10ம்.

2023ல் புவிசார் குறியீடு வாங்கிய இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்தான் முதல் பதிவு. ‘பப்ளிஷ்’ அழுத்திவிட்டு, என்விடிஏ முழுசாகச் சொல்வதைக் கேட்காமல் அக்கா மகளுக்குப் போன் போட்டேன். “ஒண்ணியும் காணோமே மாமா!” மறுபடி போய்க் கேட்டால், உறுதிப்படுத்த இன்னொரு ‘பப்ளிஷ்’ காத்திருக்கிறது. என் அவசரம். அதையும் அழுத்தினேன், ‘போஸ்ட் பப்ளிஷ்டு’ என்றது. அந்தக் குரலை அதற்கு முன் அவ்வளவு அழகாகக் கேட்டதில்லை.

அஞ்சு நிமிஷத்தில் அவளே கூப்பிட்டாள். “வந்துடுச்சி மாமா. ஆனா கத்தரிக்காய் தலைகீழா கீது.”

படம் எடுத்து அனுப்பினவள் அவள்தான்.