இரண்டு வருஷம், 180 மீட்டர்

எங்கள் தோட்டம் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே இருக்கிறது. வீட்டு மாடியில் நின்றால் தமிழ்நாட்டுப் பக்கத்துத் தென்னைகள் தெரியும். ரேஷன் கார்டு கேரளம், வீட்டில் பேச்சு கொங்குத் தமிழ். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே வருவதற்கு இரண்டு பக்கமும் கிளுவை வேலி வைத்த இட்டேரி ஒன்றுதான் வழி. நீளம் 420 மீட்டர், எட்டுக் குடும்பத்துக்கு அது மட்டுமே.

கேரளத்தில் கரிசல் மண் இருப்பது எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில்தான். கடலைக்கு நல்ல மண், வண்டிக்கு ஆகாத மண். மழை பெய்தால் சைக்கிள் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் அப்பிக்கொண்டு சக்கரம் சுற்றாது, குச்சி வைத்துத் தோண்டி எடுக்க வேண்டும். பால் டெம்போ மெயின் ரோட்டிலேயே நின்றுவிடும். இரண்டு எருமை, மூன்று மாட்டுப் பாலை நானும் வீட்டுக்காரரும் கேனில் தூக்கிக்கொண்டு போவோம். 2022 ஆகஸ்டில் ஒருநாள் வழுக்கி விழுந்து பதினாறு லிட்டர் பால் வேலியோரம் போனது. அன்றைக்கு ராத்திரிதான் எங்கள் குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தில், அதாவது பெண்கள் சுய உதவிக் குழுவில், இட்டேரியை ரோடு ஆக்குகிற பேச்சை எடுத்தேன்.

கேரளத்தில் கிராமசபை வார்டு வாரியாக நடக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது கூட்டியாக வேண்டும், வோட்டர்களில் பத்தில் ஒரு பங்கு பேர் வந்திருக்க வேண்டும். 2022 நவம்பரில் நடந்த கூட்டத்துக்கு அயல்கூட்டத்துப் பெண்கள் எல்லோரும் போனோம். நான் தமிழில்தான் பேசினேன். சித்தூர் தாலுகாவில் தமிழர்களுக்கு மொழிச் சிறுபான்மை உரிமை உண்டு, மனுவையும் தமிழிலேயே கொடுக்கலாம். கொடுத்தேன். ஆனால் மினிட்ஸ் மலையாளத்தில் எழுதினார்கள். "இட்டேரியை ரோடு ஆக்க வேண்டும்" என்று நான் சொன்னது அதில் "நடப்பாதை சீர்செய்தல்" என்று ஏறிவிட்டது. நடப்பாதை என்றால் ஆள் நடக்கிற அகலத்துக்குத்தான் எஸ்டிமேட் போடுவார்கள். இதைக் கண்டுபிடித்து அடுத்த கிராமசபையில் திருத்தி எழுத வைக்க மூன்று மாதம் போனது. எல்லைப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்த ஒரு வரியை மட்டுமாவது மலையாளம் தெரிந்தவர்களிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.

அப்புறம்தான் உண்மையான தடை தெரிந்தது. எங்கள் இட்டேரி பஞ்சாயத்தின் ஆஸ்தி ரெஜிஸ்டரில் இல்லை. அதில் இல்லாத ரோட்டுக்குப் பஞ்சாயத்துப் பணம் வராது. மூன்று தலைமுறையாக நடக்கிறோம், மாட்டு வண்டி போயிருக்கிறது, கல்யாணமும் சாவும் அந்த வழியாகத்தான் போயிருக்கின்றன. காகிதத்தில் அது எட்டுப் பேருடைய தனி நிலம். அந்த எட்டுப் பேரும் நிலத்தைப் பஞ்சாயத்துக்கு விட்டுத் தருகிறோம் என்று சம்மத பத்திரம் எழுதித் தந்தால்தான் ரெஜிஸ்டரில் ஏற்றுவார்கள். வேலிக்கு நடுவே இருந்தது எட்டடி. அவர்கள் கேட்டது மூன்று மீட்டர், அதாவது பத்தடி. பக்கத்துக்கு ஒரு அடி.

ஒரு அடிதானே என்று வெளியூர்க்காரர்களுக்குத் தோன்றும். கிளுவை வேலி வைத்தவர்களுக்குத் தெரியும். குச்சி நட்டு, வேர் பிடித்து, ஆடு நுழையாத அளவுக்கு நெருங்கிவர வருஷக்கணக்காகும். ஐந்து பேர் உடனே சரி என்றார்கள். ஒருவர் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருந்தார், அவர் வருகிற ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்து கையெழுத்து வாங்கினோம். இன்னொரு நிலம் அண்ணன் தம்பி மூன்று பேர் பெயரிலும் கூட்டாக இருந்தது, மூவரும் தனித்தனியாக வர வேண்டியிருந்தது. கரம், அதாவது நிலவரி, கட்டிய ரசீதையும் எல்லோரிடமும் வாங்கி இணைத்தோம்.

மிச்சம் எங்கள் அத்தை. வீட்டுக்காரருக்கு ஒன்றுவிட்ட அத்தை, வயது எழுபதுக்கு மேல். அவர் பக்க வேலியை ஒட்டி ஒரு தென்னை நிற்கிறது, கள்ளுக்குக் கொடுத்திருக்கிற மரம். ரோட்டுக் கோட்டுக்குள் அது வருகிறது, வெட்டத்தான் வேண்டும்.

"அது என்ற மாமனார் நட்ட மரம் அம்மிணி. ரோடு உனக்கு வேணும், எனக்கும் வேணும். அதுக்காக மரத்தக் கேக்காதே" என்றார்.

நான்கு தடவை போனேன். நான்கு தடவையும் காப்பி போட்டுக் கொடுத்து, பேச்சை மாற்றி அனுப்பினார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த மரத்தடியில்தான் எங்கள் பிள்ளைகள் ஸ்கூல் வண்டிக்கு நின்றார்கள். ஐந்தாவது தடவை ஓவர்சியரையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் டேப்பைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "சேச்சி, அந்த முப்பதடிக்கு மட்டும் கோடு எதிர்ப் பக்கம் வளைந்தால் மரம் தப்பும்" என்றார். எதிர்ப் பக்கம் எங்கள் நிலம். ஒரு அடிக்குப் பதில் மூன்று அடி விட வேண்டும், காய்க்கிற முருங்கை இரண்டு போகும். வீட்டுக்காரர் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே அரிவாளை எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்குச் சாயங்காலம் அத்தை வந்து, எங்கள் திண்ணையில் உட்கார்ந்து பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். தமிழில், எழுத்துக்கு எழுத்து பேனாவைத் தூக்கி, சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துப் போட்டார். போகும்போது வெட்டின முருங்கையில் இருந்த கீரையை எல்லாம் உருவிக்கொண்டு போனார். எனக்கு அன்றைக்குத்தான் ரோடு வந்துவிட்டது போல இருந்தது.

2023-ல் பஞ்சாயத்துக் கமிட்டி முடிவெடுத்து 420 மீட்டரையும் ரெஜிஸ்டரில் ஏற்றியது. பணத்துக்கு முதலில் தொழிலுறப்பில், அதாவது நூறு நாள் வேலைத் திட்டத்தில், செய்யலாமா என்று பார்த்தார்கள். அந்தத் திட்டத்தில் கூலி 60, பொருள் 40 என்ற கணக்கு இருந்தது. கான்கிரீட் ரோட்டில் செலவெல்லாம் சிமென்ட்டிலும் ஜல்லியிலும்தான், கூலி குறைவு. அதற்கு ஈடாக வேறு வேலைகளில் கூலி ஏற வேண்டும், உடனே ஆகாது என்றார்கள். கடைசியில் பஞ்சாயத்தின் பிளான் ஃபண்டில், முதல் கட்டமாக 240 மீட்டருக்கு இடம் கிடைத்தது. எங்கள் வீட்டு வாசல் 230-வது மீட்டரில்.

எஸ்டிமேட் நகலைக் கேட்டேன். வாயால் கேட்டபோது நாளை வா என்றார்கள், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு கொடுத்ததும் முப்பது நாளுக்குள் கைக்கு வந்தது. மண்ணைச் சமன் செய்து, அதன் மேல் நேராகக் கான்கிரீட் என்று இருந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. கரிசல் மழைக்கு ஊதும், வெயிலுக்கு வெடிக்கும். பக்கத்து வார்டில் அப்படிப் போட்ட ரோடு இரண்டு மழையில் நடுவே பிளந்து, ஒரு பாதி மேலே தூக்கி நிற்கிறது. வெயில் காலத்தில் உதவி இன்ஜினியர் (ஏ.இ.) இடம் பார்க்க வந்தபோது ஒரு துடைப்பக் குச்சியை எடுத்து இட்டேரி வெடிப்பில் விட்டுக் காட்டினேன். முழுக் குச்சியும் உள்ளே போய்விட்டது. அவர் குனிந்து பார்த்தார், தன் பேனாவையும் விட்டுப் பார்த்தார். மேல் மண்ணை வழித்தெடுத்துவிட்டு, கிராவல் பரப்பித் தண்ணீர் விட்டு உருட்டி, அதற்கு மேல்தான் கான்கிரீட் போட வேண்டும் என்று ஒத்துக்கொண்டார். ஆனால் அதே பணத்துக்கு நீளம் 180 மீட்டராகக் குறையும்.

அயல்கூட்டத்தில் அன்றைக்கு நடந்த சண்டையை இப்போது நினைத்தாலும் கஷ்டமாக இருக்கிறது. இருக்கிற பணத்துக்கு நீளமாகப் போடட்டும், உடைந்தால் அப்புறம் பார்க்கலாம் என்றார்கள் சிலர். குறைகிற அறுபது மீட்டருக்குள் என் வீடும் இருக்கிறது, ஆகவே என்னால் அந்தப் பேச்சைப் பேச முடிந்தது. "என் வாசலுக்கு வராட்டிப் பரவாயில்லை, போட்ட வரைக்கும் நிக்கோணும்" என்றேன். கையைத் தூக்கி எண்ணினோம். கிராவல் ஜெயித்தது.

முதல் டெண்டருக்கு யாரும் வரவில்லை. இரண்டாவதில் ஒருவர் எடுத்தார், அதற்குள் மார்ச் 31 தாண்டிவிட்டது. பணி ஸ்பில் ஓவர் ஆகி அடுத்த வருஷக் கணக்குக்குப் போனது. மழைக்காலம் முழுக்கக் காத்திருந்தோம்.

2024 டிசம்பரில் வேலை ஆரம்பித்தது. கான்கிரீட் போடுகிற நாளில் நான் மாடு கறக்கக்கூடப் போகவில்லை. ஓரத்துப் பலகையில் கான்கிரீட்டின் கனம் பதினைந்து சென்டிமீட்டர் சரியாக இருந்தது. நடுவில் கம்பி விட்டு என் மகளின் ஸ்கேலில் வைத்துப் பார்த்தேன், பன்னிரண்டு. கிராவலை நடுவில் குவித்து உருட்டியிருந்தார்கள். கான்ட்ராக்டர் ஆட்கள் முகம் சுளித்தார்கள். ஓவர்சியர் அளந்து பார்த்துவிட்டு மிக்சரை நிறுத்தச் சொன்னார். அரை நாள் செதுக்கினார்கள். அந்த அரை நாள் அவர் நின்றதற்கு நன்றி சொல்லியாக வேண்டும்.

தண்ணீர் கட்டுவதை நாங்களே முறை வைத்துக்கொண்டோம். களிமண் வரப்புக் கட்டி, சாக்குப் போட்டு, மூன்று வாரம் காய விடவில்லை. அத்தை தன் கிணற்று மோட்டாரைப் போட்டுவிட்டார், கரண்ட் பில்லுக்குக் காசு கொடுத்தால் வாங்கவில்லை.

இந்த ஜூன் மழையில் 180 மீட்டரில் ஒரு கீறல் இல்லை. டெம்போ அதன் முடிவு வரைக்கும் வருகிறது. அங்கிருந்து என் வீட்டுக்கு ஐம்பது மீட்டர் சேறு, கேனைத் தூக்கித்தான் போகிறேன். மீதி 240 மீட்டரும் ரெஜிஸ்டரில் ஏறியிருக்கிறது, அதற்கு இனி யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டியதில்லை. அடுத்த எஸ்டிமேட்டில் கிராவலையும் முதலிலேயே சேர்த்து எழுதுவதாக ஏ.இ. சொல்லியிருக்கிறார். அடுத்த கிராமசபைக்கு மனு எழுதி வைத்துவிட்டோம், மலையாளத்தில் ஒரு பிரதியும் சேர்த்து.